வற்புறுத்தினால் ஆயிற்றா?

கேள்வி: காரைக்குடியில் பழைய சாமான் கடை ஒன்றில் வேலை பார்க்கிறேன். ஒரு வெள்ளைக்காரர் எனாமல் தூக்கைக் கையில் வைத்து அரை மணி நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வாங்காமல் போய்விட்டார். ‘ஐ பெர்சுவேடட் ஹிம், பட் ஹி டிட் நாட் பை’ என்று முதலாளிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ‘அப்ப வித்துச்சா, விக்கலையா?’ என்கிறார். என்ன தப்பு?

பதில்: முதலாளி சரியாகத்தான் கேட்டிருக்கிறார். பெர்சுவேட் என்றால் வற்புறுத்து என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தோமே, வினை அங்கேதான் தொடங்குகிறது. தமிழில் எவ்வளவு வேண்டுமானாலும் வற்புறுத்தலாம், எதிரே இருப்பவர் அசைய வேண்டியதில்லை. விருந்தில் ஆச்சி ‘இன்னும் ரெண்டு வெள்ளைப் பணியாரம் வச்சுக்கிருங்க’ என்று கையில் கரண்டியோடு நிற்கிறார், நீங்கள் இலையை மூடிவிட்டீர்கள், இருந்தாலும் அவர் வற்புறுத்தியது வற்புறுத்தியதுதான். அதற்கு ஆங்கிலத்தில் அர்ஜ். பெர்சுவேட் என்று சொல்ல, நீங்கள் இலையைத் திறந்து அந்த இரண்டையும் வாங்கிக்கொண்டிருக்க வேண்டும். நம் ‘சம்மதிக்க வைத்தேன்’ போல, காரியம் முடிந்த பிறகு சொல்லும் சொல் அது. ஆக நீங்கள் எழுதியது, ‘அவரை வாங்க வைத்தேன், ஆனால் அவர் வாங்கவில்லை’. முன்னால் ஒரு ‘ட்ரைட் டு’ போட்டிருந்தால் பிழைத்திருப்பீர்கள்.

கன்வின்ஸ் என்பது அடிப்படையில் நம்ப வைப்பது. தூக்கு உண்மையிலேயே பழசுதான் என்று அவரை நம்ப வைத்தால் கன்வின்ஸ், பர்ஸைத் திறக்க வைத்தால் பெர்சுவேட். இப்போது இரண்டாவதற்கும் கன்வின்ஸ் என்றே பலர் சொல்கிறார்கள், அதற்காக நான் சண்டைக்குப் போக மாட்டேன்.

உங்கள் தொழிலுக்கு முக்கியமானது டெம்ப்ட். வெள்ளைக்காரர் ‘ஐ ஆம் டெம்ப்டட்’ என்றால் சபலம் தட்டுகிறது என்று அர்த்தம், அவ்வளவுதான். உடனே பேப்பரில் சுற்ற ஆரம்பிக்காதீர்கள். ‘ஐ வாஸ் டெம்ப்டட்’ என்று பிறகு சொல்பவர் பெரும்பாலும் வாங்காமல் போனவர். அப்புறம், செட்யூஸ் பக்கம் மட்டும் போகாதீர்கள், அகராதியில் அதற்கும் மயக்கு, வசப்படுத்து என்று சாதுவாகத்தான் போட்டிருக்கும், ஆனால் ஆங்கிலக் காதில் அது பெரும்பாலும் படுக்கைக்கு மயக்குவது, முதலாளிக்கு அனுப்பிப் பார்த்தால் தெரியும்.

நீங்கள் காத்திருக்க வேண்டிய வாக்கியம் வேறு. ‘யூ டாக்ட் மீ இன்டு இட்’. ‘சரிப்பா, பேசியே என்னைக் கவுத்துட்டே’ என்று அவர் சிரிக்கிறார். இப்போது பேப்பரை எடுங்கள். பிறகு வாட்ஸ்அப்பில் ‘ஐ டாக்ட் ஹிம் இன்டு பையிங் இட்’. ‘டு பை’ அல்ல, ‘பையிங்’.