கம்பஸ் கேள்விகள்: முதலில் திகதியைக் குறித்து வையுங்கள்

பாலியல் தொந்தரவு, பகிடிவதை, பாகுபாடு பற்றிக் கொழும்பில் படிப்பவர்களும் பணிபுரிபவர்களும் கேட்டவற்றில் சில. ஆளை அடையாளம் காட்டக்கூடியதை எல்லாம் நீக்கிவிட்டேன்.

ஆய்வு மேற்பார்வையாளர் இரவில் வட்ஸ்அப்பில் அசிங்கமாக எழுதுகிறார். தொட்டதில்லை. இது குற்றமா? (வெள்ளவத்தை)

குற்றம்தான். 1995இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக்கோவையில் பாலியல் தொந்தரவைக் குற்றமாக்கும் 345ஆம் பிரிவுக்குச் சொல்லே போதும். அதிகாரத்தில் இருப்பவர் வேலைத்தலத்திலோ வேறெங்குமோ இப்படி நடந்தாலும் அதற்குள் வரும். 5 ஆண்டு வரை சிறை, தண்டப்பணம், நட்டஈடும் உண்டு. செய்திகளை அழிக்காதீர்கள், தங்கச்சி. அருவருப்பில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு என்னிடம் வருபவர்கள் ஒருவர் இருவர் அல்ல. பீடாதிபதிக்கு எழுதும்போது மேற்பார்வையாளரை மாற்றித் தரும்படியும் அதே கடிதத்தில் கேளுங்கள். விசாரணை இழுபட்டாலும் ஆய்வு நிற்கக்கூடாது.

நான் ஆண். எனக்கும் இந்தச் சட்டம் பொருந்துமா?

பொருந்தும். 345ஆம் பிரிவு ஆண், பெண் என்று பிரிப்பதில்லை.

மகளைச் சீனியர்மார் கெட்ட வார்த்தை சொல்லச் சொல்கிறார்களாம். "பகிடிவதை எங்கேதான் இல்லை" என்கிறார் இவர். (கொட்டாஞ்சேனை)

அவரிடம் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தைக் காட்டுங்கள். பகிடிவதைக்கு 2 ஆண்டு வரை கடூழியச் சிறை. அதோடு பாலியல் தொந்தரவும் சேர்ந்தால் 10 ஆண்டு வரை. வளாகத்துக்கு வெளியே, போடிங்கில் நடந்தாலும் தப்ப முடியாது. பல்கலைக்கழகம் அசையாவிட்டால் வோட் பிளேஸில் உள்ள பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் முறையிடுங்கள்.

"பெண் பிள்ளைக்கு இரவுக் களப்பணி சரிவராது" என்று அரச பல்கலைக்கழகம் ஒன்றில் எனக்கு வாய்ப்பை மறுத்தார்கள்.

அக்கறை போலத் தெரியும், பாகுபாடுதான். பால் அடிப்படையில் பாரபட்சம் காட்டுவதை அரசியலமைப்பின் 12(2) உறுப்புரை தடுக்கிறது. அடிப்படை உரிமை மனுவோடு உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம், ஆனால் 126ஆம் உறுப்புரை தருவது மறுத்த நாளிலிருந்து ஒரே மாதம். பல்கலைக்கழகப் பேரவை கூடும், பதில் வரும் என்று காத்திருந்தே பலர் இந்த மாதத்தைத் தொலைக்கிறார்கள். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. முறைப்பாட்டைக் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்தால் சரிவராது. விசாரணை உண்மையில் நடந்ததா என்று நீதிமன்றம் கேட்கும். சட்டத்தரணிக்குப் பணம் இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

தனியார் நிறுவனத்தில் படிக்கிறேன். எனக்கும் இதே வழியா?

அடிப்படை உரிமை மனு அரச நிர்வாகச் செயலுக்கு எதிரானது. தனியார் நிறுவனத்தின்மீது பொதுவாகப் போடமுடியாது. 345ஆம் பிரிவு எல்லோருக்கும் உண்டு.

பொலிஸில் வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதினார்கள். எனக்கு வாசிக்கத் தெரியாது.

தமிழில் எழுதித் தரும்படி கேட்பது உங்கள் மொழியுரிமை, சலுகை அல்ல. தமிழ் தெரிந்த அதிகாரி இல்லையென்றால் வரும்வரை இருங்கள், அல்லது தமிழில் எழுதிய முறைப்பாட்டைக் கையோடு கொண்டுபோங்கள். வாசித்து விளக்காத தாளில் கையொப்பம் வேண்டாம். முறைப்பாட்டு இலக்கத்தை வாங்காமல் படி இறங்கவும் வேண்டாம். தனியாகப் போகப் பயமென்றால், முதலில் 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்துக்கு அழையுங்கள்.