டிவி சவுண்ட குறைக்கற வீடு

"சார், கல்யாணமாகி மூணு வருஷம் ஆச்சு. ஒரு தடவ கூட வொய்ஃப் மேல கை வச்சதில்ல, கிச்சன்ல ஹெல்ப் பண்றேன். ஆனாலும் உங்களப் பாத்தா பயமா இருக்குன்னு சொல்றா. மாறணும்னு உண்மையாவே ஆசப்படறேன். என்ன புக்ஸ் படிக்கலாம்?" (பெயர் வேண்டாம்)

தம்பி,

கிச்சன் விஷயத்த விடுங்க, 2019ல அரசாங்கம் எடுத்த கணக்குலயே வீட்டு வேல பாக்கற பொம்பளைங்க ஒரு நாளைக்கு 299 நிமிஷம் பாக்கறாங்க, ஆம்பளைங்கள்ல வீட்டு வேல பாக்கறவங்களே 97 நிமிஷம்தான், இதுல ஹெல்ப்பாம்.

கை வச்சதில்லன்னு ஏதோ மெடல் வாங்கின மாதிரி எழுதியிருக்கீங்க பாருங்க, அங்கதான் எனக்கு சுருக்குனுச்சு. எங்கப்பாவும் அம்மாவ அடிச்சதில்ல. மேடை ஏறினா 1929ல பெரியாரோட சுயமரியாதை இயக்கம் நடத்தின செங்கல்பட்டு மாநாட்டுல பொண்ணுங்களுக்கு சொத்துல சம உரிமைன்னு தீர்மானம் போட்டத, அது 60 வருஷம் கழிச்சு 1989ல இங்க சட்டமானத, அவ்ளோ அழகா சொல்லுவார், எனக்கே புல்லரிக்கும். ஆனா சாயங்காலம் வாசல்ல அவர் வண்டிய ஸ்டாண்ட் போடற சத்தம் கேட்டதும் அம்மா டிவி சவுண்ட குறைப்பாங்க, அக்கா சிரிப்ப நிறுத்திருவா, நான் புக்க எடுத்துருவேன். குழம்புல உப்பு ஜாஸ்தின்னா வாயத் தொறந்து ஒண்ணும் சொல்ல மாட்டார், தட்ட தள்ளிவிட்டு எந்திரிச்சுருவார், அவ்ளோதான், அப்புறம் மூணு நாள் வீட்டுல யாரும் மூச்சு விட முடியாது. 2005 குடும்ப வன்முறைச் சட்டத்துல அடி மட்டுமில்ல, அவமானப்படுத்தறது, திட்டறது, காச கைல குடுக்காம வச்சுக்கறது எல்லாமே வருது. அந்த மூணு நாளுக்கு எந்தப் பிரிவுன்னு எனக்குத் தெரியல.

அப்பா மாதிரி இருக்கக் கூடாதுன்னு சத்தியம் பண்ணவன்தான் நானும். போன வருஷம் டூர் ஃபார்ம்ல கையெழுத்து வாங்க எம்பொண்ணு வந்தா, நேரா எங்கிட்ட வரல, அவங்கம்மாட்ட போய் "அப்பா இன்னைக்கு எப்டி இருக்காரு?"ன்னு மெதுவா கேட்டா. ரூமுக்குள்ள இருந்த எனக்கு கேட்டுருச்சு. ராத்திரி பூரா தூக்கமில்ல.

உங்க வொய்ஃப் பயமா இருக்குன்னு உங்க மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்காங்க, எங்கம்மா நாப்பது வருஷத்துல ஒரு தடவ கூட சொன்னதில்ல. நீங்க என்னடான்னா அத விட்டுட்டு முன்னப்பின்ன தெரியாத எனக்கு லெட்டர் போட்டு புக் லிஸ்ட் கேக்கறீங்க. எப்ப பயமா இருக்குன்னு அவங்ககிட்ட கேளுங்க, அவங்க சொல்லும்போது நடுவுல "இல்லம்மா, நான் என்ன சொல்ல வந்தேன்னா"ன்னு மட்டும் ஆரம்பிச்சுராதீங்க.

லிஸ்ட் அப்புறம் அனுப்பறேன்.