தாத்தாவின் சான்றிதழில் 'அண்ணா பல்கலைக்கழகம்' ஏன் இல்லை?

உங்கள் தாத்தா 1952-இல் கிண்டியில் பி.இ. முடித்தார், ஆனால் சான்றிதழில் சென்னைப் பல்கலைக்கழகம் என்று இருக்கிறது, அது போலிச் சான்றிதழா என்று கேட்டிருந்தீர்கள். கவலையே வேண்டாம். அப்படித்தான் இருக்க வேண்டும். வேறு பெயர் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

அண்ணா பல்கலைக்கழகம் உருவானதே 1978-இல்தான். கிண்டி பொறியியல் கல்லூரியோடு ஏ.சி. டெக் (அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி), குரோம்பேட்டை எம்.ஐ.டி. (மெட்ராஸ் தொழில்நுட்ப நிறுவனம்), கட்டடக்கலைப் பள்ளி ஆகியவற்றைச் சேர்த்து அமைத்தார்கள். அதுவரை கிண்டியில் படித்தவர்களுக்குப் பட்டம் கொடுத்தது சென்னைப் பல்கலைக்கழகம்.

ஆனால் கல்லூரியின் வேர் ரொம்பப் பழையது. 1794-இல் புனித ஜார்ஜ் கோட்டைப் பக்கம் எட்டே மாணவர்களோடு ஒரு நில அளவைப் பள்ளி தொடங்கியது. நிலத்தை அளக்க கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சிக்கு ஆள் தேவைப்பட்டது, அவ்வளவுதான் நோக்கம். 1859-இல் அது சிவில் பொறியியல் கல்லூரி ஆனது, 1920-இல் கிண்டிக்கு வந்தது. உங்கள் தாத்தா ஏறி இறங்கியது அந்தச் சிவப்புக் கட்டடத்தின் படிகளில்தான். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த எட்டுப் பேர்தான் நினைவுக்கு வருவார்கள்.

சரி, நகல் வேண்டுமென்றால் சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவில் முதலில் கேளுங்கள். பதிவெண்ணும் தேர்ச்சி பெற்ற ஆண்டும் கையில் இருக்கட்டும்.