தோழி உறைந்துபோகும்போது நான் என்ன செய்ய வேண்டும்?

அன்புள்ள ஆலோசகருக்கு,

நானும் என் தோழியும் ஒரே அறையில் தங்கியிருக்கிறோம். சில நாட்களில் பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் பார்வை ஒரே இடத்தில் நிலைகுத்திவிடுகிறது. கூப்பிட்டால் பதில் இல்லை. தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது என் கை மாதிரியே இல்ல" என்கிறாள். தெளிந்த பிறகு பாதி நினைவில் இருப்பதில்லை. இதை 'டிசோசியேஷன்' (மனம் உணர்வுகளிலிருந்து விலகிப்போவது) என்று சொல்லி மனநல மருத்துவர் சிகிச்சை தருகிறார். அந்த நேரத்தில் அவளை உலுக்கி எழுப்புவதா, தனியே விட்டுவிடுவதா?

- ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உலுக்க வேண்டாம். தனியே விடவும் வேண்டாம். பக்கத்தில் இருங்கள்.

தாங்க முடியாத பயம் வரும்போது மூளை தன்னைக் காத்துக்கொள்ள உணர்வுகளிலிருந்து விலகிக்கொள்கிறது. மனதில் பழைய காயம் உள்ளவர்களுக்கு ஒரு வாசனையோ யாரோ உரத்துப் பேசுவதோகூட அதைத் தூண்டிவிடலாம். அவர் நடிக்கவில்லை, உங்களை அலட்சியப்படுத்தவும் இல்லை.

முதலில் அருகில் அடுப்பு, கத்தி, படிக்கட்டு என்று ஆபத்து ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் அவர் கண்ணில் படும்படி, சற்றுத் தள்ளி உட்கார்ந்து, பெயர் சொல்லி மெதுவாகப் பேசுங்கள். "நான்தான். நம்ம ரூம்லதான் இருக்கோம். இன்னிக்கு புதன்கிழமை." பதில் வராவிட்டாலும் அதே குரலில் திரும்பச் சொல்லுங்கள். வாய் திறக்க முடியாதவருக்கும் காதில் விழுந்துகொண்டிருக்கலாம். கேட்காமல் தொடாதீர்கள்; திடீரென்று ஒரு கை பட்டால் பயம் இன்னும் கூடிவிடும். கவனம் கொஞ்சம் திரும்பியதும் பாதங்களைத் தரையில் அழுத்தச் சொல்லலாம், குளிர்ந்த தண்ணீர் டம்ளரைப் பிடித்துக்கொள்ளக் கொடுக்கலாம். 'கண்ணை மூடி மூச்சை இழுத்துவிடு' என்று சொல்லத் தோன்றும். கண்ணை மூடினால் சிலருக்கு அந்த நிலை இன்னும் ஆழமாகிவிடுகிறது. திறந்தே இருக்கட்டும்.

"என்ன ஞாபகம் வந்துச்சு?" என்று துருவ வேண்டாம். அதைச் சிகிச்சையில் பேசிக்கொள்ளட்டும். தெளிந்ததும் களைப்பாக இருக்கும், படுக்க விடுங்கள்.

நான் முக்கியமாக நினைப்பது, அவர் நன்றாக இருக்கும் ஒரு நாளில் நீங்கள் இருவரும் உட்கார்ந்து பேசுவதைத்தான். தொடலாமா, எந்த வார்த்தை உதவுகிறது, யாருக்கு போன் செய்ய வேண்டும் என்பதையெல்லாம் அவரே சொல்லட்டும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உங்களைத் தவிர இன்னொருவருக்கும் இது தெரிந்திருக்கட்டும். எப்போதும் நீங்கள் ஒருவரே தாங்க முடியாது.

உடல் வெட்டி இழுத்தாலோ, வாய் கோணினாலோ, தலையில் அடிபட்ட பிறகு இப்படி ஆனாலோ, எழுப்பியும் எழாவிட்டாலோ காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். சாக வேண்டும்போல் இருக்கிறது என்று சொன்னால் ஒரு நிமிடம்கூடத் தனியே விடாமல் உடனே மருத்துவ உதவியை நாடுங்கள்.