ஒரு சர்வர், அறுபது கணினி: கேட்டதும் சொன்னதும்

அலுவலகக் கணினிகளைக் கட்டி மேய்ப்பதுதான் இருபது வருடமாக என் பிழைப்பு. அதைப் பற்றிக் கேளுங்கள். வீட்டு வைஃபை, பிரிண்டர் விலை எல்லாம் சிம் லிம் ஸ்கொயரில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

உபி கிடங்குக்காரர்: அண்ணே, எங்களிடம் 60 கணினி. ஒரு மென்பொருள் போட வேண்டுமென்றால் தம்பி ஒருவர் தம்டிரைவோடு மேசை மேசையாக அலைகிறார். ஒரே இடத்திலிருந்து செய்ய முடியாதா?

முடியும். தம்பியை உட்கார வையுங்கள். சர்வர் ஒவ்வொரு கணினிக்குள்ளும் புகுந்து வேலை பார்ப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் கதை நேர்மாறு. கணினிதான் சர்வரிடம் போய் "எனக்கு ஏதாவது இருக்கா?" என்று கேட்கும். கேட்பதற்கென்றே உள்ளே ஒரு சின்ன நிரல் குடியிருக்கும், ஏஜென்ட் என்போம். விண்டோஸ் குரூப் பாலிசியில், அதாவது எல்லாக் கணினிக்கும் மையத்திலிருந்தே விதியும் மென்பொருளும் கொடுக்கும் வசதியில், இந்த விசாரிப்பு 90 நிமிடத்துக்கு ஒரு முறை. அதோடு 0 முதல் 30 நிமிடம் வரை ஏதோவொரு எண்ணைக் கூட்டிக்கொள்ளும், அறுபதும் ஒரே நொடியில் போய் மொய்க்காமலிருக்க. ஆகவே காலை ஒன்பதுக்கு ஒன்றை மாற்றிவிட்டு ஒன்பது ஐந்துக்கு "வரலையே" என்று போன் போடாதீர்கள். கணினிக்கென்று ஒதுக்கிய மென்பொருள் என்றால், அந்தக் கணினியை மறுபடி தொடங்கும்போதுதான் இறங்கும்.

எதைப் போட்டாலும் முதலில் பத்துக் கணினியில் போடுங்கள். ஒரு நாள் விட்டுப் பாருங்கள். அப்புறம் மற்றவை.

ஜூரோங் ஈஸ்ட் வாசகர்: புதுக் கணினி டொமைனில், அதாவது ஒரே சர்வர் மேய்க்கும் எங்கள் அலுவலகக் கணினிக் கூட்டத்தில், சேர மறுக்கிறது.

டிஎன்எஸ். பெயரைச் சொன்னால் முகவரி சொல்லும் சேவை அது. அங்கே கூகுளின் 8.8.8.8 என்று போட்டிருப்பீர்கள். உங்கள் டொமைன் கண்ட்ரோலர், அந்த மேய்க்கும் சர்வர், எங்கே இருக்கிறதென்று கூகுளுக்கு எப்படித் தெரியும்? உள் டிஎன்எஸ் முகவரியைக் கொடுங்கள்.

தேக்கா அச்சகக்காரர்: சென்னை போய்வந்த ஊழியரின் மடிக்கணினியில் அலுவலக ஃபோல்டர் திறக்கவில்லை. நேரம் பொருந்தவில்லை என்று ஏதோ வருகிறது. கடவுச்சொல் சரிதான்.

இதை ரசித்தேன். கெர்பரோஸ் என்ற அடையாளச் சோதனை, இரு பக்கக் கடிகாரமும் 5 நிமிடத்துக்கு மேல் விலகினால் உள்ளே விடாது. ஊர் மாறினால் மட்டும் இது வராது; உள்ளுக்குள் எல்லாம் உலகப் பொது நேரத்தில்தான் ஓடுகிறது. உங்கள் ஆள் அங்கே நேர மண்டலத்தை மாற்றாமல், மணியை மட்டும் கையால் இரண்டரை மணி பின்னுக்குத் தள்ளியிருப்பார். கடிகாரத்தைச் சரிசெய்யுங்கள், ஃபோல்டர் திறந்துவிடும். மணியை மாற்றும் உரிமையை ஊழியரிடமிருந்து எடுத்தும்விடுங்கள்.

யீஷூன் வாசகி: டொமைனில் சேரவில்லை, ஏன்?

டிஎன்எஸ். ஜூரோங்காருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

பிடோக் அம்மா: 2024இல் பள்ளிப் பிள்ளைகளின் ஐபேட்கள் ஒரே இரவில் துடைக்கப்பட்டதே. எல்லாவற்றையும் ஒருவர் கையில் கொடுப்பதே ஆபத்தில்லையா?

ஆபத்துதான் அக்கா. அந்த ஆகஸ்டில் மொபைல் கார்டியன் என்ற நிர்வாகச் செயலிக்குள் யாரோ புகுந்தார்கள். 26 உயர்நிலைப் பள்ளிகளில் சுமார் 13,000 மாணவர்களின் சாதனங்கள் தொலைவிலிருந்தே அழிக்கப்பட்டன. தொலைந்த ஐபேடைத் துடைக்க வைத்திருக்கும் வசதிதான், ஆள் மாறியதும் பிள்ளைகளின் குறிப்புகளைத் தின்றுவிட்டது.

உபி கிடங்குக்காரர்: அதனால்தான் சர்வரை நம் அறையிலேயே பூட்டி வைக்கணும் என்கிறேன்.

பூட்டி வைத்தால் மட்டும்? டொமைன் முழுக்க அதிகாரமுள்ள டொமைன் அட்மின் கடவுச்சொல்லைத் திருடியவன் உங்கள் குரூப் பாலிசியை வைத்தே அறுபது கணினிக்கும் ரான்சம்வேரை, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் நிரலை, அனுப்புவான்; உங்கள் கணினிகளும் கேட்டு வாங்கிக்கொள்ளும்.

செங்காங் பொறியாளர்: ஆனால் 2024 ஜூலை 19? அதில் திருடனே இல்லையே.

இல்லை. கிரவுட்ஸ்டிரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு தவறான கோப்பு. சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றன. சாங்கியில் சில விமான நிறுவனங்கள் பயணிகளைக் கையால் பதிவுசெய்தன. கணினியே எழவில்லை என்றால் ஏஜென்ட் எழாது. ஏஜென்ட் எழாவிட்டால் மையத்திலிருந்து ஒன்றும் செய்ய முடியாது. மறுபடி மேசை மேசையாக நடைதான். வட்டில் உள்ளதைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் சாவி கேட்கும் கணினியில் 48 இலக்கத்தை ஒவ்வொன்றாகத் தட்ட வேண்டும். அந்தச் சாவிகளை வைத்திருந்த சர்வரும் படுத்துவிட்டால்? ஆகவே ஒரு நகலை வேறிடத்தில் வையுங்கள். இரும்புப் பெட்டியில் காகிதமாக இருந்தாலும் சரி. பத்துக் கணினி என்று நான் ஓதுவதும் இதற்காகத்தான்.

புக்கிட் பாத்தோக் வாசகர்: விண்டோஸ் 10 போதுமா?

2025 அக்டோபர் 14 அன்றே வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. மாற்றுங்கள்.

உட்லண்ட்ஸ் வாசகர்: டொமைனில் சேர...

டிஎன்எஸ்!

கேலாங் சாப்பாட்டுக்கடை முதலாளி: தம்பி, பத்துக் கணினி பத்துக் கணினி என்கிறீர்கள். எங்களிடம் மொத்தமே ஆறுதான்.

ஆறுக்கு டொமைன் கண்ட்ரோலர் எதற்கு அண்ணே? மாதக் கட்டண மேகச் சேவை போதும். சோதனையை ஒரு கணினியில் போடுங்கள். கல்லாவில் இருக்கிறதே, அது வேண்டாம்.