கீசர் பக்கம் வாடை அடிக்கிறது, என்ன செய்ய?

கேள்வி: குன்னூரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். குளியலறையில் கேஸ் கீசர் இருக்கிறது. கோடை முழுக்கப் போடவில்லை. ஐப்பசி மழை தொடங்கியதும் போட்டோம். சில நாள் பற்றும்போது சமையல் கேஸ் வாடை குப்பென்று வருகிறது. சில நாள் கண் எரிகிற மாதிரி ஒரு காரமான நெடி. "ரொம்ப நாள் கழிச்சுப் போட்டா அப்படித்தாம்மா இருக்கும், போகப் போகச் சரியாயிடும்" என்கிறார் சர்வீஸ் ஆள். நம்பலாமா?
– வாசகி, குன்னூர்

பதில்: அவர் சொல்வதில் கால்வாசி உண்மை. மாதக்கணக்கில் சும்மா கிடந்த கீசரைப் போட்டால் பர்னர் மேல் படிந்த தூசி கருகும். புதுக் கீசர் என்றால் உள்ளே இருக்கும் செம்புக் குழாயில் ஒட்டிய எண்ணெய்ப் பசை எரியும். இந்தக் கருகல் வாடை ஓரிரு நாளில் தானே போய்விடும். நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு வாடையும் அந்த ரகம் இல்லை.

முதலில் சமையல் கேஸ் வாடை. எல்பிஜிக்குச் சொந்தமாக வாடை கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காக எத்தில் மெர்காப்டன் என்ற கந்தகப் பொருளைக் கலந்து அனுப்புகிறார்கள். பற்றும் நேரத்தில் மட்டும் வாடை வந்து, கூடவே 'டப்' என்று சத்தமும் கேட்டால் பேட்டரியைப் பாருங்கள். கீசரின் அடியில் சின்னப் பெட்டிக்குள் இரண்டு தடித்த பேட்டரிகள் இருக்கும். குளியலறை ஈரத்துக்கு அதன் முனைகளில் உப்புப் பூத்துவிடும். பொறி தாமதமாக விழும். அதற்குள் வெளியே வந்த கேஸெல்லாம் சேர்ந்து ஒரேயடியாகப் பற்றும். பேட்டரியை மாற்றியும் 'டப்' நிற்கவில்லை என்றால் சர்வீஸ் ஆகும்வரை கீசரைத் தொடாதீர்கள்.

அணைந்திருக்கும்போதும் வாடை அடித்தால் அது கசிவு. எல்பிஜி காற்றைவிடக் கனம் என்பதால் தரையோடு தரையாகப் படியும். நின்ற வாக்கில் மோந்து பார்த்தால் தெரியாமலே போகலாம். ரெகுலேட்டர், ட்யூபின் இரண்டு முனைகள், கீசரில் ட்யூப் சேரும் இடம் எல்லாவற்றிலும் சோப்பு நுரையைத் தடவினால், கசியும் இடத்தில் குமிழி விடும். தீக்குச்சி கிழித்துப் பார்க்கிற மகானுபாவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களை வீட்டுக்குள் விடாதீர்கள். ஆரஞ்சு நிற சுரக்ஷா ட்யூபை 5 வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். வருடம் ட்யூபிலேயே அச்சாகியிருக்கும். சிலிண்டர் தீரும் தறுவாயில் வாடை கொஞ்சம் தூக்கலாக வருவதுண்டு. மெர்காப்டன் மெதுவாக ஆவியாகி அடியில் தங்குவதுதான் காரணம். ஆனாலும் 'தீரப்போகுது போல' என்று நீங்களே சமாதானம் சொல்லிக்கொள்ளாமல் ஒரு முறை நுரை தடவிப் பார்த்துவிடுங்கள்.

வாடை பலமாக இருந்தால் இந்தச் சோதனையெல்லாம் வேண்டாம். ரெகுலேட்டரை மூடிவிட்டுக் கதவு ஜன்னலைத் திறந்து எல்லோரும் வெளியே வாருங்கள். எந்த ஸ்விட்சையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. எக்ஸாஸ்ட் ஃபேனும் அதில் சேர்த்தி. வெளியே வந்தபின் 1906க்குப் போன் செய்யுங்கள். அது 24 மணி நேர கேஸ் கசிவு உதவி எண்.

இனி அந்தக் கார நெடி. உங்கள் கடிதத்தில் என்னைப் பயமுறுத்தியது இதுதான். கேஸ் முழுசாக எரிந்தால் மிஞ்சுவது நீராவியும் கார்பன் டை ஆக்சைடும். காற்று போதாமல் அரைகுறையாக எரிந்தால் கண்ணைக் கரிக்கும் ஆல்டிஹைடுகள் வரும், கூடவே கார்பன் மோனாக்சைடும் வரும். மூக்குக்குத் தெரிவது முதலாவது. ஆளைக் கொல்வது இரண்டாவது. அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், கால் துவளுவது, பிறகு மயக்கம். உள்ளே தாழ் போட்டுக் குளிக்கிறவர் விழுந்தால் வெளியே இருப்பவர்களுக்குத் தெரிவதற்குள் காரியம் கைமீறிவிடும். ஆகவே நெடி நின்றுபோனாலும் ஆபத்து போய்விட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

கீசரின் முன்பக்கம் இருக்கும் சின்னக் கண்ணாடி வழியே தீயைப் பாருங்கள். நீலமாக, நிலையாக எரிய வேண்டும். மஞ்சளாக அலைந்தாலோ, மேல்மூடியில் கரி படிந்திருந்தாலோ காற்று போகவில்லை என்று அர்த்தம். பர்னரின் காற்றுத் துளையில் சிலந்தி கூடு கட்டியிருக்கலாம். மாதக்கணக்கில் ஓடாத கீசரில் இது சகஜம். மலையூர்களில் இன்னொரு வழக்கம் உண்டு: குளிருக்கு வென்டிலேட்டரை அட்டை வைத்து அடைத்துவிடுவது. உங்கள் வீட்டில் அப்படி அடைத்திருந்தால் இன்றே பிடுங்கிவிடுங்கள்.

பிடுங்கினாலும் என் முடிவு மாறாது. குளியலறைக்குள் கேஸ் கீசர் இருக்கவே கூடாது. வெளிச்சுவரில், காற்றாடும் இடத்தில் மாட்டி வெந்நீர்க் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவர வேண்டும். சில மீட்டர் பைப்பும் ஒரு பிளம்பரும் இருந்தால் முடிகிற வேலை. வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லிக் கேளுங்கள். அதுவரை அடுப்பில் காய்ச்சி வாளியில் ஊற்றிக் குளிப்பதே மேல்.

கேள்வி: கேஸ் லீக் அலாரம் ஒன்று வாங்கி மாட்டிவிட்டால் கவலை விட்டதா?
– வாசகர், கோவை

பதில்: பாதிக் கவலைதான் விடும். எல்பிஜி அலாரம் வேறு, கார்பன் மோனாக்சைடு அலாரம் வேறு. நம் கடைகளில் அதிகம் கிடைப்பது முதல் வகை. அதைத் தரையை ஒட்டி மாட்ட வேண்டும். மோனாக்சைடு அறை முழுக்கப் பரவினாலும் அது வாயைத் திறக்காது. இரண்டாவது வகை வாங்கும்போது ஈஎன் 50291 என்ற தரக் குறியீடு இருக்கிறதா, சென்சாருக்குக் காலாவதித் தேதி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். தேதி போடாததை வாங்காதீர்கள்.

கேள்வி: புதுக் கீசர் வாங்கினேன். கடையிலிருந்து வந்த ஆள் குளியலறைக்குள்ளேயே மாட்டிவிட்டுப் போய்விட்டார். வெளியே மாற்றச் சொன்னால் தனியாகக் காசு கேட்கிறார்கள். புகார் கொடுக்க வழியுண்டா?
– வாசகர், ஓசூர்

பதில்: உண்டு. முதலில் பெட்டியோடு வந்த கையேட்டை எடுங்கள். குளியலறைக்குள் மாட்டக் கூடாது என்று பெரும்பாலும் அதிலேயே அச்சடித்திருக்கும். அந்தப் பக்கத்தையும், மாட்டியிருக்கும் இடத்தையும் சீரியல் நம்பர் தெரிகிற மாதிரிப் படமெடுத்து, கடைக்கும் கம்பெனிக்கும் எழுத்தில் அனுப்புங்கள். வாய்ப்பேச்சு எதுவும் பின்னால் நிற்காது. கீசரில் ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 15558 என்ற எண்ணும் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். முத்திரைக்குக் கீழே இருக்கும் சிஎம்/எல் எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் அசலா போலியா என்று தெரிந்துவிடும்.

பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி 2 வருடத்துக்குள் போக வேண்டும். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்துத்தான் வாதாட வேண்டும் என்பதும் இல்லை. பில் கையில் இருக்கட்டும். ஃபிட்டிங் ஆளுக்குக் காசு கொடுத்திருந்தால் அதற்கும் ரசீது கேட்டு வாங்குங்கள். அதுவரை அந்தக் கீசரின் ரெகுலேட்டர் மூடியே இருக்கட்டும்.