கிரேடு 2 ஃபேட்டி லிவர்: அடுத்தது சிரோசிஸ்தானா?

கேள்வி: எனக்கு வயது 43, எடை 80 கிலோ. பெரம்பூரில் இருக்கிறேன். உட்கார்ந்தே பார்க்கும் வேலை. மதுவைத் தொட்டதே இல்லை. ஆனாலும் ஹெல்த் செக்கப்பில் 'கிரேடு 2 ஃபேட்டி லிவர்' என்று வந்துவிட்டது. மனைவி சமையலில் எண்ணெயையே நிறுத்திவிட்டார். அம்மா தினமும் கீழாநெல்லி அரைத்துத் தருகிறார். கொலஸ்ட்ரால் மாத்திரை கல்லீரலைக் கெடுக்கும் என்று நண்பர் சொன்னதால் அதையும் விட்டுவிட்டேன். அடுத்தது சிரோசிஸ்தானா?

பதில்: முதலில் அந்த மாத்திரை. இந்த வாரமே உங்கள் டாக்டரைப் பார்த்துப் பேசி மறுபடி தொடங்குங்கள். நீங்கள் சாப்பிட்டது ஸ்டாடின் வகை என்றால், ஃபேட்டி லிவர் இருப்பவர்களுக்கும் அது பாதுகாப்பானதுதான். இந்த நோய் உள்ளவர்களில் கல்லீரல் கெட்டு இறப்பவர்களைவிட மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றால் இறப்பவர்களே அதிகம். அதனால்தான் அவசரப்படுத்துகிறேன்.

சரி, சிரோசிஸ், அதாவது கல்லீரல் முழுக்கத் தழும்பேறிக் கெட்டுப்போவது. ஸ்கேனில் வரும் கிரேடு, கொழுப்பு எவ்வளவு படிந்திருக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது. கல்லீரலில் தழும்பு விழுந்திருக்கிறதா என்பதுதான் முக்கியம். அது கிரேடில் தெரியாது. உங்கள் வயது, ரத்தத்தில் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி என்ற இரண்டு கல்லீரல் என்சைம்களின் அளவு, பிளேட்லெட் எண்ணிக்கை, இந்த நான்கையும் வைத்து 'ஃபிப்-4' என்று ஒரு கணக்கு போடுவார்கள். செக்கப் ரிப்போர்ட்டிலேயே இவை இருக்கக்கூடும். விடை 1.3க்குக் கீழே இருந்தால் பெரிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு. மேலே போனால் ஃபைப்ரோஸ்கேன் எடுக்க வேண்டும். கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கும், ஊசியோ வலியோ இல்லாத பரிசோதனை அது. ஃபேட்டி லிவர் உள்ள பெரும்பாலானோர் சிரோசிஸ் வரை போவதில்லை.

குடிக்காதவருக்கு இது எப்படி வந்தது? பெரும்பாலும் வயிற்றுச் சதையும் இன்சுலின் சரியாக வேலை செய்யாததும்தான் காரணம். தேவைக்கு மேல் போகும் மாவுச்சத்தையும் சர்க்கரையையும் கல்லீரல் கொழுப்பாக மாற்றி வைத்துக்கொள்கிறது. உங்கள் மனைவியின் அக்கறை புரிகிறது, ஆனால் எண்ணெயை மட்டும் நிறுத்திவிட்டு காலையில் இட்லி, மதியம் சாம்பாருக்கு, ரசத்துக்கு, மோருக்கு என்று மூன்று முறை சாதம், ராத்திரி தோசை என்று போனால் பலன் கிடைக்காது. அளவாக எண்ணெய் இருக்கட்டும். சாதத்தைப் பாதியாக்கி, அந்த இடத்தில் பொரியல், கூட்டு, பருப்பு, சுண்டல், முட்டை, மீன் வரட்டும். ஜூஸ், குளிர்பானம், டீக்கடை பிஸ்கட், சாயங்கால பஜ்ஜி எல்லாம் போகட்டும். ஃபில்டர் காபியை விட வேண்டாம், அதில் போடும் சர்க்கரையை விடுங்கள். காபி குடிப்பவர்களுக்குக் கல்லீரல் தழும்பு குறைவாக இருப்பதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன.

எடையில் 5 சதவீதம், அதாவது 4 கிலோ குறைந்தாலே கல்லீரல் கொழுப்பு இறங்கத் தொடங்கும். 7 முதல் 10 சதவீதம், உங்களுக்கு ஆறிலிருந்து எட்டு கிலோ, குறைந்தால் வீக்கமும் தணியும். தழும்புகூட ஓரளவு ஆறலாம். ஆறேழு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள். பட்டினி கிடந்து சட்டென்று இளைப்பது கல்லீரலுக்கே கெடுதல். வாரத்துக்கு 150 நிமிடம் வேகமாக நடங்கள். முரசொலி மாறன் பூங்கா உங்கள் பக்கத்தில்தானே இருக்கிறது. எடை இறங்காவிட்டாலும் நடைக்குத் தனிப் பலன் உண்டு.

கீழாநெல்லி ஃபேட்டி லிவரைக் குணப்படுத்தும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லி நிறுத்துங்கள். 'லிவர் டானிக்', மூலிகைப் பொடி என்று கடையில் விற்பதையும் வாங்காதீர்கள். அவற்றில் சில, கல்லீரலையே பாதித்திருக்கின்றன. டாக்டரைப் பார்க்கும்போது சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டையும் பார்த்துவிடுங்கள். எஸ்ஜிபிடி நார்மல் என்று யாராவது சொன்னாலும் ஃபிப்-4 கணக்கைக் கேட்டு வாங்குங்கள்.